போகியன்று விரித்த கறுப்புப் பாய்

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பல தடவை திரும்பிப் பார்த்தேன். ராயப்பேட்டை ஹைரோட்டில் பின்னாலிருந்து ஓர் ஆட்டோ வந்தாலே கடை ஓரமாக ஒதுங்கினேன். அடையாற்றுக் கரையிலிருந்து ஆட்கள் கிளம்பிவிட்டதாகச் சொல்லியிருந்தார்கள். எத்தனை பேர், வந்தால் ஆஸ்பத்திரிக்குள் போவார்களா, முதலில் என்னைத் தேடுவார்களா, ஒன்றும் தெரியாது. நான் போட்டிருந்தது கறுப்புச் சட்டை, கறுப்புப் பேண்ட். தூரத்திலிருந்தே அடையாளம் காட்டிவிடலாம். சட்டையில் டயர் எரிந்த நாற்றம். மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வந்தது.

அக்கா உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமலே கிளம்பியிருந்தேன். அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது உதடு நாவல்பழம் தின்றவள் போல நீலமாக இருந்தது. பிறகு கதவைச் சாத்திவிட்டார்கள்.

அக்கா என்று சொன்னாலும் கூடப் பிறந்தவள் இல்லை. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் ஓரிடத்தில் நிலைத்ததில்லை. திருப்பூரில் சாயப்பட்டறை, பாலக்காட்டில் ஹோட்டல் பாத்திரம், ஓசூர்ப் பக்கம் கோழிப்பண்ணை, கடைசியாகத் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பண்டல் தூக்குவது. தீபாவளி முடிந்ததும் கடையில் ஆள் குறைத்தார்கள். அன்று கடை வாசலில் சவாரிக்காக நின்ற ஆட்டோக்காரரிடம் தங்க இடம் கிடைக்குமா என்று கேட்டேன்.

"சோத்துக்கு இன்னா பண்ணுவ?" என்றார்.

"வேலை தேடிக்குவேன்."

"அப்ப ஏறு நைனா."

அவர் மாமா ஆனார். அவர் மனைவி அக்கா ஆனாள்.

அவர்கள் வீடு அடையாற்றின் கரையில் இருந்தது. ஓர் அறை, மேலே சிமெண்ட் ஷீட், பக்கத்தில் தகரம் சாய்த்த ஒரு சாய்ப்பு. சாய்ப்பு எனக்கு. அக்கா காலையில் சந்து முனையில் இட்லி விற்றாள். அவளுக்கு வீசிங் இருந்தது. பனிக்காலத்தில் பக்கத்து வீட்டு விறகுப் புகை பட்டால்கூட நெஞ்சு விசிலடிக்கும். வாயில் வைத்து உறிஞ்சும் மருந்துக் குப்பியைப் பம்பு என்பாள். இடுப்பில் செருகிய சுருக்குப் பையில் வெற்றிலையோடு அதுவும் கிடக்கும். ஒவ்வொரு போகிக்கும் முதல் நாள் சாயங்காலமே மாமா அவளை ஆட்டோவில் ஏற்றிக் கோவளத்தில் அவள் தங்கை வீட்டில் விட்டுவிடுவார். ஊர் கொளுத்தி முடித்துப் புகை அடங்கிய பிறகு பொங்கல் பானை வைக்கத் திரும்பி வருவாள். அந்த வருஷம் அவள் போகவில்லை. போகாததற்கும் நான் பார்த்த வேலைக்கும் சம்பந்தம் இருந்தது.

மார்கழி பிறந்து சில நாள் கழித்து ஓர் ஆராய்ச்சி மாணவி டீக்கடையில் ஆள் தேடிக்கொண்டு வந்தார். கல்லூரி முடித்து மேலே படிக்கிற பெண். அவரை மேடம் என்றுதான் கூப்பிட்டேன், அவர் என்னை அண்ணா என்றார். குட்டியானை வண்டி நிறையக் கனத்த துணிச் சுருள்கள். ஆற்றோரத் திடலில் அவற்றை ஓரத்தோடு ஓரம் சேர்த்து விரித்தால் ஒரு பக்கம் பெரிய கறுப்புப் பாய், இன்னொரு பக்கம் பெரிய வெள்ளைப் பாய். கல்யாண மண்டபத்துக்கே விரிக்கலாம், அவ்வளவு பெரிசு. மூலைக்கு மூலை செங்கல் வைக்க வேண்டும். துடைப்பத்தால் தூசியைத் தள்ள வேண்டும். நாய், மாடு, கிரிக்கெட் பந்து எதுவும் மேலே வராமல் காவல் நிற்க வேண்டும். காலை பத்தரை வாக்கில் வானத்தில் ஒரு செயற்கைக்கோள் கடக்கும்போது அது இந்த இரண்டு பாயையும் பார்க்கும். அதே நேரத்தில் மேடம் ஒரு கருவியைப் பாய்க்கு மேலே பிடித்து அளப்பார். இன்னொரு சின்னக் கருவியைச் சூரியனுக்கு நேரே காட்டுவார்.

எதற்கு என்று கேட்டேன். அவர் சொன்ன விதத்தில் எனக்கே புரிந்தது. மேலே இருக்கிற கண்ணுக்குத் தரையின் வெளிச்சம் மட்டும் போய்ச் சேர்வதில்லை. நடுவில் காற்று இருக்கிறது, தூசி, ஈரம், புகை இருக்கிறது. அவையெல்லாம் வெயிலைச் சிதறடித்துத் தங்கள் வெளிச்சத்தையும் அதில் கலந்துவிடும். கறுப்புப் பாய் மேலிருந்து பார்த்தால் கறுப்பாகத் தெரியாது, சாம்பலாகத் தெரியும். அந்தச் சாம்பல்தான் நடுவில் இருக்கிற காற்று. பாயின் உண்மையான நிறம் கீழே அளந்தது கையில் இருக்கிறது, அதனால் காற்று எவ்வளவு சேர்த்தது என்று கண்டுபிடித்துப் படம் முழுக்கக் கழித்துவிடலாம். கழித்தால் ஆற்றுத் தண்ணீரின் நிஜ நிறம் வரும். அதில் எவ்வளவு சாக்கடை, எவ்வளவு பாசி என்று வானத்திலிருந்தே சொல்ல முடியும். அவருடைய ஆராய்ச்சி அதுதான்.

என் சட்டை நிறத்துக்கும் ஒரு சட்டம் இருந்தது. வெளிர் நிறம் போட்டால் என் மேல் பட்ட வெயில் பாயில் தெறித்து அளவு தப்பிவிடுமாம். அதனால் பாண்டி பஜார் நடைபாதையில் கறுப்பில் ஒரு செட் வாங்கிக் கொடுத்தார். மார்கழியில் கறுப்பு உடுத்தியவனை ஊர் எப்படிப் பார்க்கும் என்று அவர் யோசிக்கவில்லை. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். டீக்கடையில் கண்ணாடி டம்ளரைக் கூடுதலாக ஒரு தரம் கழுவி, "சாமி, சக்கரை கம்மியா?" என்று கேட்டார்கள். அக்காவுக்கு மட்டும் சிரிப்பு.

"வறுத்த நெத்திலி துன்ற சாமிய இப்பதான் பாக்கறேன்" என்பாள். "மலைக்குப் போறப்போ கட்டுல மீனையும் வச்சி அனுப்பறேன்."

முதல் தடவை பாய் விரித்த அன்றே கூட்டம் கூடிவிட்டது. ஆற்றங்கரையில் யாராவது கயிறு பிடித்தாலோ பெயிண்ட்டில் கோடு போட்டாலோ அங்கே வீடு போகும். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த வீட்டு வரிசை அப்படித்தான் போனது. அங்கே இருந்தவர்கள் இப்போது ஊர்க்கோடியில் மாடிக் குடியிருப்பில் இருந்தார்கள். வேலைக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும். அதனால் பாயைப் பார்த்ததும் எல்லோருக்கும் அந்த நினைப்புதான். எனக்கும்தான். அந்த முகங்களைப் பார்க்காமல் பாயையே பெருக்கிக்கொண்டு நின்றேன்.

சந்து முனையில் பஞ்சர் கடை வைத்திருந்தவர் முன்னால் வந்தார். "இன்னாமா இது? எங்கள மேலேர்ந்து படம் புடிக்கறீங்களா?"

மேடம் பொய் சொல்லத் தெரியாதவர். பாயைக் காட்டிப் பொறுமையாக விளக்கினார். "வீட்டையெல்லாம் பார்க்கலைங்க. படத்துல ஆறு மேல புகை மூட்டமா தெரியும். அந்தப் புகையை எடுத்துட்டுத் தண்ணியைப் பார்க்கறோம், அவ்வளவுதான்."

"புகைய எடுத்துருவீங்க."

"ஆமா."

"எடுத்துட்டா கீழ இருக்கறது எல்லாம் பளிச்சுனு தெரியும்."

"தெரியும். ஆனா..."

"புகை ரொம்ப இருந்தாலும் எடுத்துருவீங்களா?"

"ஓரளவுக்குத்தான். ரொம்ப அடர்த்தியா இருந்தா எங்க கணக்கு நிக்காது. அடுத்தது போகி அன்னிக்கு வருது. அதான் எங்களுக்கு நல்ல பரீட்சை."

பஞ்சர் கடைக்காரர் மாமாவைப் பார்த்தார். மாமா ஆற்றைப் பார்த்தார். கூட்டம் அவ்வளவு சீக்கிரம் கலைந்தது எனக்கு நிம்மதியாக இல்லை.

அன்றிலிருந்து கரையில் இரண்டு கட்சி. ஒன்று, போகிப் புகையைக் கலைய விடக் கூடாது, பத்தரை தாண்டும்வரை நிறுத்தி வைக்க வேண்டும், படத்தில் நம் கூரை தெரியக் கூடாது என்பது. பஞ்சர் கடையின் பின்னால் பழைய டயர்கள் ஆள் உயரத்துக்கு ஏறின. மாமா சவாரி போகிற இடத்தில் எல்லாம் கேட்டு வாங்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தார். இன்னொரு கட்சியில் இருந்தவள் அநேகமாக அக்கா ஒருத்திதான். தன் வீடு படத்தில் தெரிய வேண்டும் என்பாள்.

"நான் எங்கியும் போவல" என்றாள், போகிக்குச் சில நாள் முன்பே மாமா கோவளப் பேச்சை எடுத்தபோது. "அந்தாண்ட வரிசைல இன்னா ஆச்சு? பூட்டுன வூட்டுக்கெல்லாம் ஆளே இல்லன்னு சொல்லி மாத்து வூடு குடுக்கல. படம் புடிக்கிறப்போ நான் கோவளத்துல குந்திக்கினு இருந்தா என் வூட்டுக்கு யாரு இருக்கறது?"

"மேலேர்ந்து பாக்கறவனுக்கு நீ வூட்ல கீறியா கோவளத்துல கீறியான்னு இன்னா தெரியும்?"

"அப்ப எதுக்கு டயரு கொளுத்தற? ஒண்ணும் தெரியாதுன்னா வுட்டுட்டுப் போ."

படத்தில் ஆள் தெரியுமா என்று மறுநாள் மேடத்திடம் கேட்டேன். அவர் மண்ணில் குச்சியால் ஒரு கட்டம் போட்டுக் காட்டினார். "படத்துல ஒரு புள்ளின்னா தரையில பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். உங்க அக்கா வீடு மாதிரி நாலஞ்சு வீடு சேர்ந்தாதான் ஒரு புள்ளி. ஆள் தெரிய மாட்டாங்க. வீடே தனியா தெரியாது." இதை அப்படியே அக்காவிடம் சொன்னேன்.

அக்கா மாவைக் கரைத்தபடி கேட்டுக்கொண்டாள். "அந்தப் பொண்ணு அப்டித்தான் சொல்லும். தெரியும்னு சொன்னா வுடுவோமா?" பிறகு, "காலைல வெயில் ஏறினா புகை பூடும். அதுவரைக்கும் கதவச் சாத்திக்கினு குந்திக்கறேன். பயப்படாத சாமி" என்றாள்.

பயம் என்னை விடவில்லை. டயர் குவியலை நான் பார்த்திருந்தேன், அவள் பார்க்கவில்லை. மாமாவிடம் சொன்னேன். அவரும் அதையே சொன்னார், கதவைச் சாத்திக்கொள்வாள், ஈரத்துணி கட்டிக்கொள்வாள், பம்பு இருக்கிறது. அவருக்கு வீடு போய்விடும் என்ற பயம் பெரிதாக இருந்தது. அதன் பக்கத்தில் மற்றதெல்லாம் சின்னதாகத் தெரிந்தது.

போகி அன்று விடிந்தபோது பாலம் தெரியவில்லை. ஊர் முழுக்கக் கொளுத்தியிருந்தார்கள், அது எல்லா வருஷமும் நடப்பது. பிள்ளைகள் தட்டும் போகி மேளம் நாலு பக்கமும் கேட்டது, பிள்ளைகளைக் காணோம். வேலைக்குக் கிளம்பும்போது அக்கா வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தேன். தன் சிவப்புச் சேலையை ஷீட்டின் மேல் விரித்து நாலு மூலையிலும் செங்கல் வைத்திருந்தாள். நாங்கள் பாய்க்கு வைப்பது போலவே.

திடலில் பாயை விரித்தோம். வெயில் ஏற ஏற மற்ற தெருக்களில் புகை இளகியது. எங்கள் கரையில் அப்போதுதான் டயர் பற்றியது. சந்துகளின் வாயில் ஒவ்வொன்றாகக் கரும்புகை எழுந்து, மேலே போகாமல் பனியில் முட்டி அப்படியே படுத்து எங்கள் பக்கம் வந்தது. வெள்ளைப் பாயில் கரித்துகள் விழுந்தது. கறுப்புப் பாயில் சாம்பல் விழுந்தது. வெள்ளை கறுத்துக்கொண்டும் கறுப்பு வெளுத்துக்கொண்டும் இருந்தன. இரண்டையும் நான் பெருக்கிக்கொண்டே இருந்தேன், பெருக்கின இடத்தில் மறுபடியும் விழுந்தது. சூரியனை வெறும் கண்ணால் பார்க்க முடிந்தது. பித்தளைத் தட்டு மாதிரி ஒளியில்லாமல் தொங்கியது. மேடம் கருவியில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு நம்பாமல் மறுபடி சூரியனுக்குக் காட்டினார்.

அப்போது ஒன்றைக் கவனித்தேன். மேளச் சத்தம் நின்றிருந்தது. பிள்ளைகளுக்கே தெருவில் நிற்க முடியவில்லை.

துடைப்பத்தைப் போட்டேன். "மேடம், எங்க அக்காவுக்கு வீசிங் இருக்கு."

செயற்கைக்கோள் கடக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அவர் ஒரு கணம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தன் முகத்தில் இருந்த மாஸ்க்கைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "ஓடுங்கண்ணா. இதைப் போட்டுக்கிட்டு ஓடுங்க." நான் வெள்ளைப் பாயின் குறுக்கே ஓடினேன். சுற்றிப் போகத் தோன்றவில்லை.

சந்துக்குள் கண் தெரியவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு போனேன். கண்ணில் மிளகாய் வைத்த மாதிரி எரிந்தது. எத்தனையோ தடவை நடந்த சந்து, எந்தக் கதவு எங்கே என்று மறந்துவிட்டது. ஒரு கை என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தது. பஞ்சர் கடைக்காரர். முகத்தில் ஈரத் துண்டு கட்டியிருந்தார்.

"இன்னா, அந்தப் பொண்ணு அனுப்பிச்சா? நெருப்ப அணைக்க வந்தியா?"

"அக்கா உள்ள இருக்காங்க."

"எந்த அக்கா?"

"இட்லிக்கா."

"அது கோவளம் போயிருக்கும்."

"போகலை."

சட்டையை விட்டார். எனக்கு முன்னால் அவர்தான் கதவைத் தள்ளினார்.

அக்கா தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் முட்டிமேல் ஊன்றியிருந்தாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போனது. விசில் சத்தம்கூட இல்லை. எனக்கு மிகவும் பயம் கொடுத்தது அதுதான், சத்தமில்லாமல் இருந்தது. பம்பு தரையில் உருண்டு கிடந்தது. எடுத்து அமுக்கினேன், வெறும் காற்று வந்தது. பேச வாய் திறந்தாள், பேச்சுக்குக் காற்று மிச்சமில்லை. மாஸ்க்கை அவளுக்கு மாட்டினேன். பிடுங்கி எறிந்தாள். அவளுக்கு அது இன்னும் அடைத்தது.

மாமா ஓடி வந்தார். சந்து வாயில் டயரைக் கிளறிக்கொண்டு நின்றவர் அவர்தான், கையில் இன்னும் கம்பி இருந்தது. அக்காவைப் பார்த்ததும் கம்பியை வைக்க இடம் தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பஞ்சர் கடைக்காரர்தான் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். அதில் உட்கார வைத்து ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கினோம். சந்து வாயில் வந்து நின்றால் வெளியே போக வழி இல்லை. எங்கள் புகைக்காக நாங்களே போட்ட டயர் குறுக்கே எரிந்துகொண்டிருந்தது. பஞ்சர் கடைக்காரர் அதைக் காலால் உதைத்தார். செருப்பு ஒட்டிக்கொண்டு உருகியது. இன்னும் உதைத்தார்.

ஆட்டோவில் அக்கா என் மேல் சாய்ந்திருந்தாள். பாலத்தில் ஏறியபோது என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன்.

"சேல..." என்றாள். மூச்சு எடுத்தாள். "பறந்துரும்."

"பறக்காதுக்கா. செங்கல் வச்சிருக்கீங்க."

தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு பொத்தானைப் பிடித்த விரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. மந்தைவெளி, லஸ், ஒவ்வொரு சிக்னலிலும் மாமா ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை. நான் அவள் விரலை மறுபடி பொத்தானில் வைத்து மூடினேன். மறுபடி நழுவியது.

கதவு சாத்திய பிறகு நாங்கள் இரண்டு பேரும் சுவரோரம் நின்றோம். மாமாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தார். கேட்டுவிட்டு வைத்தார்.

"உங்க பாயி ரெண்டையும் இஸ்துக்கினு போய் நெருப்புல போட்டுட்டானுங்களாம். அந்தப் பொண்ணு வண்டில ஏறிப் பூட்சாம்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நீங்க பாயி விரிக்க வந்ததாலதான் இப்டி ஆச்சுன்னு பேசிக்கறானுங்க. இங்க வர்றானுங்க. நீ போயிரு நைனா."

"அக்கா..."

"போயிருன்னு சொல்றேன்ல. அவளப் பாப்பனா, உன்னப் பாப்பனா?"

அவருக்கும் பயம்தான். எனக்குத் தெரிந்தது. நடந்தேன்.

மயிலாப்பூர்க் குளத்தருகே வந்தபோது கால் தானாக நின்றது. மாட வீதி முழுக்கக் கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, மண்பானை. மறுநாள் பொங்கல். சட்டையின் மேல் பொத்தானைக் கழுத்துவரை போட்டேன், மாலை இல்லாதது தெரியாமல் இருக்க. போனும் பையும் சாய்ப்பில் கிடந்தன. மாமாவின் எண் எனக்கு மனப்பாடம் இல்லை. பையில் கரும்போடு நின்ற ஒரு பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சாமி இன்னும் கிளம்பலையா? நாளைக்கு ஜோதி ஆச்சே. இங்கயே இருக்கேளே."

"அக்காவுக்கு உடம்பு சரியில்லைங்க."

"அடடா. இப்ப எப்படி இருக்கா?"

"தெரியலை" என்றேன்.

அவருக்கு அந்தப் பதில் விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். வேறு எதுவும் கேட்காமல் இரண்டு வாழைப்பழம் எடுத்துக் கையில் வைத்துவிட்டுப் போனார். குளத்துப் படியில் உட்கார்ந்து தின்றேன். பசி இருந்தது. பயத்தில் பசி போகும் என்பார்கள், எனக்கு அப்படி ஆனதில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வரை திரும்பிப் போனேன். எதிர் டீக்கடையில் கரையின் ஆட்கள் நின்றிருந்தார்கள். யாரும் அழவில்லை. அதில் கொஞ்சம் தைரியம் வந்தது. ஆனால் ஒருவன் என் பக்கம் தலையைத் திருப்பியதும் பஸ்ஸின் மறைவில் வந்தவழியே நடந்தேன். இரவை ஒரு மூடிய கடையின் ஷட்டர் அடியில் கழித்தேன். அந்தப் படம் என்ன ஆனது என்பது வெகுநாள் கழித்து மேடத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கறுப்புப் பாயும் வெள்ளைப் பாயும் ஏறக்குறைய ஒரே சாம்பலாக வந்திருந்ததாம். எவ்வளவு கழித்தாலும் கீழே இருப்பது வரவில்லை. எங்கள் கரை மட்டுமில்லை, ஆற்றின் அந்தப் பக்கம், பாலம், எதுவும் படத்தில் இல்லை. அந்த நாளை அவர் தன் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்.

பொங்கலன்று விடிந்ததும் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். கரையின் ஆட்கள் இல்லை, பானை வைக்கப் போயிருப்பார்கள். அக்காவைப் பார்க்க வேண்டும் என்றதும் செக்யூரிட்டி தடுத்தார்.

"லேடீஸ் வார்டு. ஆம்பளைங்கள வுட மாட்டோம். பேஷண்ட் பேரு?"

வாயைத் திறந்தேன். பேர் வரவில்லை. எனக்குத் தெரியாது. நான் அக்கா என்றேன், சந்தில் இட்லிக்கா என்றார்கள், மாமா அவளை "இந்தா" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இத்தனை நாள் அவள் கையால் சாப்பிட்டிருக்கிறேன்.

"அக்கா பேரே தெரியாத தம்பியா நீ?" செக்யூரிட்டி சிரித்தார். "மலைக்குப் போற வேஷத்துல வேற வந்துட்ட. நவுரு நவுரு."

"நேத்து காலைல மூச்சுத் திணறி வந்தவங்க. உயிரோட இருக்காங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

"நேத்து காலைல வந்தது பூரா மூச்சுத் திணறல்தான். யாருன்னு கேக்கறது?"

ஓரமாக நின்றேன். அப்போது சுத்தம் செய்யும் காண்ட்ராக்ட்டின் மேற்பார்வை பார்க்கும் அம்மாள் போனில் யாரையோ திட்டிக்கொண்டே வெளியே வந்தார். பண்டிகை நாள், பாதி ஆள் வரவில்லை. போனை வைத்துவிட்டு வாசலில் நின்றவர்களைச் சுற்றிப் பார்த்தார்.

"யாராவது மாப்பு போட வர்றீங்களா? இன்னிக்கு வந்தா தொடர்ந்து வேலை இருக்கு."

"எந்த வார்டுங்க?" என்றேன்.

அவர் முறைத்தார். "வேலை கேக்கறியா, லாட்ஜுல ரூம் கேக்கறியா?"

"எதுவா இருந்தாலும் செய்யறேன். லேடீஸ் வார்டுக்கும் ஆள் வேணும்ல."

"அங்கதான் வேணும். ராத்திரி பூரா வாந்தியும் சளியும். வா. இந்தச் சட்டையக் கழட்டு, ஊரே நாறுது."

நீலச் சட்டை கொடுத்தார்கள். முந்தின ஆளின் வேர்வை அதில் காயாமல் இருந்தது. வாளியும் மாப்பும் தள்ளிக்கொண்டு செக்யூரிட்டியைக் கடந்து போனேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்து வழிவிட்டார்.

வாசலிலிருந்து துடைக்க ஆரம்பிக்கச் சொல்லியிருந்தார்கள். ஆரம்பித்தேன். நேராகப் போய் ஒவ்வொரு முகமாகப் பார்க்கத் தைரியம் வரவில்லை. குனிந்து கட்டிலுக்கு அடியில் மாப்பை விட்டு, நிமிரும்போது காலை மட்டும் பார்த்தேன். வயதான கால், வீங்கின கால், கொலுசு போட்ட கால். ஒரு கட்டில் காலியாக இருந்தது, விரிப்பை அப்போதுதான் உருவியிருந்தார்கள். அங்கே ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்தேன். யார் இருந்தார்கள் என்று நர்ஸிடம் கேட்க வாய் வரவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போனேன். அதற்கடுத்தது. ஜன்னலோரக் கட்டிலில் இரண்டு பாதம், அடிப்பக்கம் முழுக்க டயர்க் கரி, இன்னும் யாரும் கழுவவில்லை.

அப்போதும் முகத்தைப் பார்க்கவில்லை. மூக்கையும் வாயையும் மூடியிருந்த பிளாஸ்டிக் மூடியைப் பார்த்தேன். அதன் உள்பக்கம் ஆவி படிந்தது. தெளிந்தது. மறுபடி படிந்தது.

யாரிடம் கெஞ்சி உள்ளே வந்தாரோ, மாமா தரையில் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா கண் திறந்திருந்தாள். என் நீலச் சட்டையை, வாளியை, மாப்பைப் பார்த்தாள். கையை மெல்லத் தூக்கி மூடியை ஒரு விரலால் நகர்த்தினாள்.

"மாலையக் கழட்டிட்டியா சாமி?"

"அத எடுக்காதீங்கம்மா" என்று நர்ஸ் தூரத்திலிருந்து சத்தம் போட்டார். "நீ என்னப்பா வேடிக்கை பாக்கற? தண்ணி மாத்து."

வாளியில் தண்ணீர் கறுத்திருந்தது. மாற்றிக்கொண்டு வந்து அந்தக் கட்டிலுக்கு அடியில் துடைத்தேன்.